மூன்று உருளைகள் அதிர்ந்தன

கம்சனா அந்தப் பதிவை முதலில் பார்த்தபோது தலைக்கவசத்தைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. எர்லாங்கனின் நவம்பர் மழைக்குள் சைக்கிள் மிதித்து வந்தவள், நனைந்த கையுறைகளை மேசை விளிம்பில் போட்டாள். கணினியைத் தட்டி எழுப்பிவிட்டுத் தேத்தண்ணி போடத் திரும்பினாள். திரையில் மூன்று கோடுகளும் எழும்பி நின்றன. அன்றைக்குத் தேத்தண்ணி இல்லாமலே போயிற்று.

அவர்களுடைய ஆய்வுகூடத்தின் நிலவறையில் மூன்று சிலிக்கன் உருளைகள் மெல்லிய கம்பிகளில் தொங்கின. முழங்கையிலிருந்து விரல் நுனி வரையான நீளம் இருக்கும். ஒன்று சற்று நீளம், ஒன்று சற்றுக் கட்டை. காற்றில்லாத கலத்துக்குள், திரவ ஹீலியத்தின் கொடுங்குளிரில் அவற்றை வைத்திருந்தார்கள். கோயில் மணிக்கு ஒரு சுருதி இருப்பதுபோல ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சுருதி உண்டு. நீளமானதுக்குத் தாழ்ந்தது, கட்டையானதுக்கு உயர்ந்தது. தொலைவில் எங்கோ இரண்டு கருந்துளைகள் மோதி, அந்த ஈர்ப்பலை பூமியைக் கடந்து போனால், அது எதையும் ஒரு பக்கமாகத் தள்ளிவிடாது. ஒரு திசையில் இழுக்கும், குறுக்குத் திசையில் நெருக்கும், மறுகணம் அதை மாற்றிச் செய்யும். உருளையின் நடு அப்படியே இருக்க, நுனிகள் இரண்டும் விலகி நெருங்கும். விலகும் தூரம் அணுவின் கருவைவிடப் பல மடங்கு சிறியது. அலையின் சுருதியும் உருளையின் சுருதியும் பொருந்தினால்தான் இதுவும் நடக்கும். ஆனால் ஒருமுறை பொருந்திவிட்டால், அலை எங்கேயோ போய்விட்ட பிறகும் உருளை தன்பாட்டுக்கு அதிர்ந்துகொண்டேயிருக்கும். கம்சனாவும் மற்றவர்களும் காத்திருந்தது அந்த மிச்ச அதிர்வுக்காகத்தான்.

நெருங்கிச் சுற்றும் கருந்துளைகள் மோதப்போகும் நேரத்தில் அலையின் சுருதி ஏறிக்கொண்டே போகும். ஆகவே முதலில் நீள உருளை அதிர வேண்டும், பிறகு நடு உருளை, கடைசியாகக் கட்டை உருளை. திரையில் இருந்ததும் அதே ஒழுங்குதான். கார்ல்ஸ்ரூஹேயில் இதேபோல மூன்று உருளைகளை வைத்திருந்த குழுவின் பதிவைத் திறந்தாள். அங்கேயும் அதே ஒழுங்கு. ஈர்ப்பலையும் ஒளியின் வேகத்தில்தான் போகும்; இரண்டு பதிவுக்கும் இடைப்பட்ட நேரமும் இரண்டு நகருக்கும் இடையே ஒளி பயணம் செய்யும் நேரத்துக்குள் அடங்கியது.

அவள் தன் கணவன் மதிசுதனை அழைத்தாள். அவனும் அதே ஆய்வுகூடம்தான்; உருளைகளின் அருகே இருக்கும் மின்தகடுகளும் அளவுத்திருத்தமும் அவன் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்துவிட்டு மேற்படிப்புக்கு ஜெர்மனி வந்தவன். கம்சனா நூர்ன்பேர்க்கில் பிறந்து வளர்ந்தவள். ஒரு மாநாட்டில் சந்தித்து, இரண்டு வருடம் தொலைபேசியில் சண்டை பிடித்து, பிறகு கலியாணம் கட்டியவர்கள்.

"இஞ்ச வாரும், ஓடி வாரும்," என்றாள்.

மதிசுதன் வந்து அவளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். "வடிவா வந்திருக்கு," என்றான் கடைசியில்.

அது அவளுக்குப் போதுமாயிருந்தது.

அன்று மத்தியானம் குழுத்தலைவர் பேராசிரியர் பேனாட் எல்லோரையும் கூட்டினார். உயரமான, மென்மையாகப் பேசும் மனிதர்; யாருடைய பிறந்தநாளையும் மறக்காதவர். "கொண்டாட வேண்டாம், வெளியே சொல்ல வேண்டாம்," என்றார். "மறைவுச் சோதனை என்று ஒன்று இருப்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்."

அது எல்லோருக்கும் தெரிந்த விதி. திட்டம் தொடங்கியபோதே பேசி ஒத்துக்கொண்டது. என்றாவது ஒருநாள் பேராசிரியர் குழுவில் ஒருவரைத் தெரிவு செய்து, மின்தகடுகளால் உருளைகளின் நுனிகளை இழுத்து நெருக்கி, ஈர்ப்பலை வந்ததுபோலவே ஒரு பொய் அதிர்வை உண்டாக்கச் சொல்லலாம். உருளைக்கு எது இழுத்தது என்று தெரியாது. இழுத்தது அலையோ மின்சாரமோ, அது ஒரே மாதிரித்தான் அதிரும். ஆய்வாளர்கள் மெய்யென்று நம்பி முறையாக வேலை செய்கிறார்களா, குறுக்கு வழியில் முடிவுக்கு ஓடுகிறார்களா என்று பார்க்க அப்படியொரு சோதனை. செய்தவர் வாய் திறக்கக்கூடாது. மற்றவர்கள் கேட்கவும் கூடாது. அன்றைக்கு இந்த ஏற்பாட்டை ஆதரித்து அதிகம் பேசியவள் கம்சனாதான். அப்படியொரு பயம் இல்லாவிட்டால் நாங்கள் ஆசைப்பட்டதையே காண்போம் என்று சொன்னாள்.

குளிரூட்டும் பகுதியைப் பார்க்கும் கிறிஸ்ரினா சிரித்தாள். "மூன்று உருளை, இரண்டு நகரம், இவ்வளவு ஒழுங்காகப் பொய் செய்ய யாருக்கு இங்கே நேரம் இருக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். மதிசுதனும் சிரித்தான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் கம்சனா அந்த ஒரு கணத்தோடு வாழ்ந்தாள். அந்த நேரத்தில் ரயில் ஏதாவது போனதா, எங்காவது நிலம் அதிர்ந்ததா, விண்ணிலிருந்து துகள் மழை பெய்ததா, தொங்கும் கம்பி ஒன்று தளர்ந்து உருளையை உதறியதா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கம்பி தளர்ந்தால் உருளை முழுதாக ஊஞ்சல்போல ஆடும். இதில் அப்படியில்லை, நடு அசையாமல் நுனிகள் மட்டும் அசைந்திருந்தன. சந்தேகம் ஒவ்வொன்றாகக் கழன்று விழ விழ அவளுக்கு உடம்பில் ஒரு வெளிச்சம் ஏறியது. கணக்குப்படி அந்தக் கருந்துளைகள் சூரியனைவிட எடை குறைந்தவை. எந்த நட்சத்திரமும் செத்து அவ்வளவு சிறிய கருந்துளை ஆகாது. அப்படியென்றால் அவை நட்சத்திரங்களுக்கு முன்பே பிறந்தவை. சைக்கிளில் போகும்போது அதை நினைத்து அவள் தனியாகச் சிரித்தாள். வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் அதையே கதைத்தாள். மதிசுதன் துவாயால் துடைத்துக்கொண்டே கேட்டான். அவள் கேட்ட அளவுத்திருத்த எண்களையெல்லாம் பிந்தாமல் எடுத்துக் கொடுத்தான்.

தை மாதத்தில் லைப்சிக்கிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கோடையில் அவள் நேர்முகத்துக்குப் போய்வந்த ஒரு தொழில்நுட்பக் கல்லூரி. ஆய்வுகூடப் பொறுப்பாளர் வேலை. கால எல்லை இல்லாதது.

அந்தக் கடைசிச் சொல்லின் பாரம் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் வேலை செய்தவர்களுக்குத்தான் விளங்கும். முனைவர் பட்டத்துக்குப் பிறகு இத்தனை வருடம்தான் தற்காலிக ஒப்பந்தத்தில் வைத்திருக்கலாமென்று சட்டம். கம்சனாவின் காலம் வைகாசியோடு முடிகிறது. அதற்குள் நிரந்தரம் கிடைக்காவிட்டால் வெளியேதான். லைப்சிக்குக்குப் போனாலோ பங்குனியிலேயே சேர வேண்டும், கிழமை முழுக்கப் படிப்பிக்க வேண்டும். இந்த அதிர்வை அவள் வேறொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

அவள் பேராசிரியரிடம் போனாள். பேனாட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முடிவு உங்களுடையது. ஒன்று மட்டும் சொல்வேன். இது மெய்யானால், உங்களுக்கு இங்கே நிரந்தர இடம் ஒன்று உருவாக்குவது கஷ்டமாயிராது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மதிசுதன் குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தான்.

"லைப்சிக்குக்கு இந்தக் கிழமை பதில் சொல்லோணும்," என்றாள். "என்ன செய்யட்டும்?"

"உமக்கு என்ன மனசு?"

"என்ர மனசு எனக்குத் தெரியும். உம்மட்டைக் கேக்கிறன். அது மெய்யெண்டால் விட்டிட்டுப் போறது விசர்வேலை. பொய்யெண்டால் லைப்சிக்கை விடுறது விசர்வேலை. நீர் என்ன நினைக்கிறீர்?"

கத்தி கொஞ்ச நேரம் பலகையில் நின்றது. பிறகு ஓடியது. "மூண்டு உருளையும் ஒழுங்கில வந்திருக்கு. கார்ல்ஸ்ரூஹேயிலயும் வந்திருக்கு. உம்மட கணக்கில ஒரு பிழையும் இல்லை," என்றான். "முடிவு உம்மடை. நான் ஒண்டும் சொல்ல ஏலாது."

சொல்ல ஏலாது என்பதை அவள் மரியாதையாக எடுத்துக்கொண்டாள். தன் படிப்பில், தன் தொழிலில் தலையிடாத ஒரு மனிதனைக் கட்டியிருக்கிறோம் என்றுகூட நினைத்தாள். அடுத்த நாள் லைப்சிக்குக்கு நன்றி சொல்லி, வேண்டாமென்று எழுதினாள்.

அப்பா செல்வராசாவுக்கு இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் நேர்முகத்துக்குப் போன நாளிலிருந்து அவர் கிழமைக்கு ஒருதரம் கேட்டுக்கொண்டேயிருந்தார். நூர்ன்பேர்க்கில் ஒரு உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, அங்கேயே சமையற்காரராகி, ஓய்வுபெற்றவர்.

"கால எல்லை இல்லாத வேலையோ?" என்றார் தொலைபேசியில்.

"ஓம் அப்பா."

"அதையோ வேண்டாமெண்டனி?"

"இஞ்ச ஒரு முக்கியமான வேலை நடக்குது. இப்ப சொல்லேலாது."

"பிள்ளை, நீ பிறந்தாப்பிறகும் நாங்கள் டுல்டுங் எண்ட தற்காலிக அனுமதியிலதான் இருந்தனாங்கள். மூண்டு மாதம் தருவாங்கள், பேந்து மூண்டு மாதம். ஒவ்வொருக்காலும் கொம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு அந்தக் குடிவரவுக் கந்தோர்ப் படியேறுவா. இனிமேல் வரத் தேவையில்லையெண்டு ஒருத்தன் சொல்லமாட்டானோ எண்டு எத்தினை வருசம் பாத்தனாங்கள். உனக்கு அதைத் தட்டில வைச்சுத் தாறாங்கள். நீ வேண்டாமெண்டிருக்கிறாய்."

வெளியே சொல்வதில்லையென்று பேராசிரியருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். சித்திரையில் எல்லாம் வெளியே வரும், அப்போது அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

சித்திரையில் வெளியே வந்தது. விதிப்படி குழு முதலில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மறைவுச் சோதனை இருந்ததா இல்லையா என்று பேராசிரியர் சொல்வார். கம்சனா எழுந்து நின்று ஒரு மணிநேரம் பேசினாள். கார்ல்ஸ்ரூஹேக் குழு திரையில் பார்த்துக்கொண்டிருந்தது. இது பூமிக்குள்ளிருந்து வந்திருக்க முடியாது என்று முடித்தாள். கைகள் உயர்ந்தன. ஒருவர்கூட மறுக்கவில்லை. மதிசுதனின் கை எல்லோருக்கும் கடைசியாக, பாதிக்கு மட்டும் உயர்ந்ததை அவள் கண்டாள். கூச்சம் என்று நினைத்தாள்.

பேனாட் எழுந்தார். "அருமையான வேலை," என்றார். "இந்த அதிர்வு எங்கள் மறைவுச் சோதனை. நாங்களே உண்டாக்கியது."

யாரோ "ஐயோ" என்பதுபோல ஜெர்மனில் ஒரு சத்தம் போட்டார்கள். பிறகு சிரிப்பு, பெருமூச்சு, அதன்பின் கைதட்டல். கைதட்டல் நீண்டுகொண்டே போனது. ஏனென்றால் ஒரு வகையில் இது வெற்றிதான்: கருவி வேலை செய்கிறது, கணக்கு சரி, மெய்யான அலை வந்தால் தப்பாது. கிறிஸ்ரினா மட்டும் கைதட்டவில்லை. கம்சனாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு நண்பர், இங்கே மதிசுதன்," என்றார் பேனாட் உற்சாகமாக. "எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாரென்றால், ஒரே வீட்டில் இருக்கும் மனைவிக்கே பிடிபடவில்லை!"

அதற்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய சிரிப்பு எழுந்தது. குளிர்பெட்டியிலிருந்து நுரைவைன் போத்தல்கள் வந்தன. கம்சனாவும் சிரித்தாள். முகம் தானாகவே அதைச் செய்தது. யாரோ கையில் தந்த கிண்ணத்தைப் பிடித்தாள், யாரோ தோளில் தட்டினார்கள். இந்தக் கண்டுபிடிப்பு முறையைப் பற்றிக் கட்டுரை வரும், முதல் பெயர் உங்களுடையதுதான் என்றார் பேனாட். அவள் நன்றி சொன்னாள்.

வீட்டுக்கு இருவரும் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு ஆற்றோரப் புல்வெளிப் பாதையால் நடந்தார்கள். வெயில் இன்னும் இருந்தது. சிறுபிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"நான் சொல்லியிருக்கேலாது," என்றான் மதிசுதன். "உமக்குத் தெரியும்தானே. நீர்தான் அண்டைக்கு அந்த விதிக்காக வாதாடினது."

"ஓம்."

"பேனாட் என்னைக் கூப்பிட்டுச் சொல்லேக்க நான் கேட்டனான், கம்சனாவை என்ன செய்யிறதெண்டு. வீட்டில சொல்லாமல் இருக்க உம்மால ஏலுமோ எண்டார். ஏலுமெண்டிட்டன்."

"நல்லாத்தான் ஏலுது."

"கம்சனா..."

"நீங்கள் எனக்கு அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை," என்றாள். கலியாணம் கட்டி ஏழு வருடமாக நெருக்கத்தில் நீர் என்றே பேசியவள், அவனை நீங்கள் என்றது அதுவே முதல்தரம். அவன் நின்றுவிட்டான். "லைப்சிக்குக்குப் போ எண்டு மட்டும் சொல்லியிருக்கலாம். சம்பளம் நல்லதெண்டு சொல்லியிருக்கலாம். அப்பா சந்தோசப்படுவார் எண்டு சொல்லியிருக்கலாம். அதுக்கு எந்த விதி தடை?"

"சொன்னா நீர் கண்டுபிடிச்சிருப்பீர்."

"கண்டுபிடிச்சா?"

"சோதனை பழுதாப் போயிருக்கும். அஞ்சு மாத வேலை."

"அஞ்சு மாதம்," என்றாள். பந்து ஒன்று உருண்டு வந்து அவள் சைக்கிள் சில்லில் பட்டது. எடுத்து எறிந்துவிட்டு நடந்தாள்.

அடுத்த நாள் லைப்சிக்குக்கு எழுதினாள். அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஆள் சேர்ந்துவிட்டார் என்று பண்பாகப் பதில் வந்தது. பேனாட்டிடமும் போனாள். அவருக்கு உண்மையிலேயே கவலையாயிருந்தது. "மெய்யானால் என்றுதானே சொன்னேன்," என்றார். "நான் உங்களைப் போகச் சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்திருப்பேன். போக வேண்டாமென்றும் சொல்லவில்லை." அவர் சொன்னதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. அவர் பேச்சை அவள் மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். பிடித்துக் கேட்க ஒரு இடம்கூட அகப்படவில்லை.

மதிசுதனைப் பற்றிய மிச்சம் அவளுக்குச் சில நாள் கழித்துத்தான் விளங்கியது. கோடையில் அவள் லைப்சிக்குக்கு விண்ணப்பித்தபோது அவன் ஒரு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை. கிழமை நாட்களில் அவள் அங்கே, அவன் இங்கே என்றால் அது என்ன வாழ்க்கை என்று ஒருமுறை கேட்டிருந்தான். பிறகு அந்தக் கதையையே எடுக்கவில்லை. அவள் அதை அவனிடம் நேரே கேட்டாள். அவன் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தான்.

"நான் போகக்கூடாதெண்டு நினைச்சீங்களோ, இல்லையோ?"

அவன் ஒரு சேர்ட்டை மடித்து வைத்து, பிரித்து, மறுபடி மடித்தான்.

"நினைச்சன்," என்றான். "விதி இல்லாட்டியும் உம்மைப் போ எண்டு சொல்லியிருப்பனோ எண்டு எனக்கே தெரியாது. விதி இருந்தது வசதியாப் போச்சு."

அவன் பொய் சொல்லியிருந்தால்கூட அவள் அன்றைக்கு மன்னித்திருப்பாள். அந்த ஐந்து மாதத்தில் சொல்லாத உண்மையை, இனி ஒன்றுக்கும் உதவாத நேரத்தில் இப்படி நேர்மையாக எடுத்து வைத்ததுதான் தாங்க முடியாமல் இருந்தது. அவள் எழுந்து மற்ற அறைக்குள் போய் மேசையில் இருந்தவற்றைப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினாள்.

வைகாசியோடு ஒப்பந்தம் முடிந்தது. கட்டுரை வெளியானது. முதல் பெயர் அவளுடையது, இரண்டாவது மதிசுதனுடையது. அந்த நேர்த்தியான மின்தகடு வேலைக்காக ஆய்வுகூடம் அவனுக்கு நிரந்தர இடம் கொடுத்தது. கம்சனாவுக்குக் கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ரயில் சில்லுகளின் அதிர்வைக் கேட்டு எங்கே வெடிப்பு விழப்போகிறதென்று சொல்லும் கருவி செய்கிறார்கள். நல்ல வேலை, நல்ல மனிதர்கள். ரயில் சில்லு யாரையும் சோதித்துப் பார்ப்பதில்லை.

போகுமுன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். உருளையையும் அலையையும் அவருக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. செல்வராசா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப, அவருக்கு முதலே தெரியும்," என்றார்.

"ஓம்."

"நீ கேட்டனி."

"ஓம் அப்பா. கேட்டனான்."

அவர் கதிரையிலிருந்து எழுந்து யன்னலருகே போய் நின்றார். மருமகனைத் திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அப்படித் திட்டினால் தான் அழலாமென்றும் நினைத்திருந்தாள். அவர் திட்டவில்லை. "நான் உன்னைத்தான் ஏசினன்," என்றார். "நீ எந்த நம்பிக்கையில விட்டனி எண்டு தெரியாமல் ஏசிப்போட்டன்." அவளுக்கு அழுகை வரவில்லை.

இலையுதிர் காலத்தில் அவளிருந்த நகரிலேயே மாநாடு ஒன்று நடந்தது. முதல் பெயர் என்பதால் அவள்தான் கட்டுரையை வாசிக்க வேண்டுமென்று பேனாட் கேட்டார். மறுக்க ஒரு காரணம் தேடினாள். சொல்லக்கூடியதாக ஒன்றும் இருக்கவில்லை. மூன்று உருளைகளும் எப்படி ஒன்றன்பின் ஒன்றாக அதிர்ந்தன, ஒவ்வொரு சந்தேகமும் எப்படிக் கழன்றது என்று தெளிவாகச் சொன்னாள். மண்டபம் நிறைந்திருந்தது. முடிவில் சரளா என்ற ஒரு இளம் மாணவி எழுந்தாள். இந்தியத் தமிழ்ப் பெண் என்று பெயரட்டை காட்டியது.

"இது உண்மையில்லை என்று தெரிந்தபோது உங்களுக்கு எப்படியிருந்தது?"

முன்வரிசையில் பேனாட் புன்னகையோடு சாய்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மதிசுதன். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"சந்தோசமாக இருந்தது," என்றாள் கம்சனா. "கருவியை நம்பலாம் என்று தெரிந்துகொண்டோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். மதிசுதன் வாசலில் அவளுடைய மேலங்கியோடு காத்து நின்றான். எர்லாங்கன் ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கு, ஒரு கோப்பி குடிப்பமா என்று கேட்டான். அவள் மேலங்கியை வாங்கிக்கொண்டாள். கவனமாப் போங்கோ என்று, தெரிந்த யாருக்கும் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, மழை தொடங்கியிருந்த தெருவில் தன் அறைப் பக்கம் நடந்தாள்.